ஏற்றத்தில் இழுவை குறைந்த லொறியும் காற்றுக்குழாயின் சூடும்

கொட்டகலையில் என் சித்தப்பா ஓட்டும் லொறி, டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 4.2 லீற்றர் டீசல் எஞ்சினைக் கொண்ட பழைய ஜப்பானிய வண்டி. நுவரெலியாப் பக்கத்து மரக்கறியைக் கொழும்பில் இறக்கிவிட்டு, திரும்பும்போது அரிசியோ மாவோ உரமோ ஏற்றிக்கொண்டு அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக மேலே வருவார். மூட்டைச் சுமை ஏற்றத்துக்கே வாய்ப்பதால், எஞ்சின் முழு மூச்சாக உழைப்பது வீடு திரும்பும் பாதையில்தான். சென்ற ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், “மகன், கினிகத்தேனை ஏத்தத்துல மூணாவது கியர்ல வந்த வண்டி, இப்ப ரெண்டாவதுக்கு இறக்கினாலும் இழுக்குதில்ல. பின்னால வர்றவனுக்குப் பாதையே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை” என்றார்.

கறுப்புப் புகை என்றதும் எல்லோரும் முதலில் டீசல் பம்ப்பைத்தான் சந்தேகிப்பார்கள். பம்ப்பில் எரிபொருளைக் குறைத்து வைத்தால் புகை அடங்கும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறிவிடும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் எரிபொருளைக் குறைத்தால் இழுவையும் குறையும், எங்கள் குறையே இழுவை போதாது என்பதுதான். பழைய வகை டீசல் பம்ப் மிதியின் அளவையும் எஞ்சினின் சுழற்சியையும் பார்த்து எரிபொருளை அனுப்புமே தவிர, உள்ளே எவ்வளவு காற்று வந்திருக்கிறது என்பதை அறியாது. காற்று குறைந்தால் அதே அளவு டீசல் முழுவதும் எரியாமல் கரியாக வெளியேறுகிறது. ஆகவே புகையைப் பார்த்ததும் ‘டீசல் கூடிவிட்டது’ என்று எண்ணுவதற்கு முன், ‘காற்று குறைந்துவிட்டதா’ என்று கேட்பது முறை என்று எனக்குத் தோன்றியது. ஏர் ஃபில்டரை மாற்றிப் பார்த்தோம். சிறிது முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் நோய் தீரவில்லை.

மலைநாட்டில் காற்றுக் குறைவு இயற்கையாகவே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் எஞ்சின் உறிஞ்சும் காற்று சூடாக இருந்தால் அதே கன அளவுக்குள் அடங்கும் காற்றின் நிறை மேலும் குறைகிறது. சுமார் 30 பாகை செல்சியசில் இருக்கும் காற்று இன்னும் 10 பாகை சூடேறினால் அடர்த்தி 3 சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறையும். இந்த இழப்பை மட்டும் நம்மால் தடுக்க முடியும். கினிகத்தேனை உச்சியில் வண்டியை நிறுத்தி, கெபினைச் சாய்க்காமல் சக்கரத்தின் பக்கமாகக் கையை விட்டுக் காற்றுக்குழாயைத் தொட்டபோது, சில விநாடிகளுக்கு மேல் கையை வைத்திருக்க முடியவில்லை. வெளியே மூடுபனியும் சாரலும்; உள்ளே, எஞ்சின் மூச்சை உள்ளிழுக்கும் குழாய் அடுப்புக் கல்லைப் போல இருந்தது.

அடுத்து நான் செய்தது தவறான வேலை. அதையும் எழுதிவைக்கிறேன், ஏனெனில் பலரும் இதைத்தான் முதலில் செய்வார்கள். கூரைத் தகரத்துக்குக் கீழே அடிக்கும், ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய நுரைத் தாள் ஹார்ட்வெயார் கடையில் அடிவீதம் கிடைக்கிறது. அதை வாங்கிக் காற்றுக்குழாயையும் ஏர் கிளீனர் பெட்டியையும் சுற்றிக் கம்பியால் கட்டினேன். பார்ப்பதற்கு மிக நேர்த்தியாக இருந்தது. அடுத்த பயணத்தில் வட்டவளைக்கு வரும்போதே கெபினுக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்ததாகச் சித்தப்பா சொன்னார். கெபினைச் சாய்த்துப் பார்த்தால், புகைக்குழாயை நோக்கியிருந்த பக்கத்தில் நுரை உருகிச் சுருங்கி, வெள்ளித்தாள் மட்டும் தோல் உரிந்ததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நுரை பொலித்தீன் வகை; சுமார் 110 பாகையைத் தாண்டினால் உருகிவிடும். சுமையுடன் ஏறும் டீசல் வண்டியின் புகைக்குழாய் மேற்பரப்போ 350 பாகையைத் தொடுகிறது. தீப்பிடிக்காமல் போனது எங்கள் நல்ல காலம். கூரைக்கு உரிய பொருளை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுவரவே கூடாது.

அதன் பிறகுதான் அளந்து பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். கம்பி முனை கொண்ட டிஜிட்டல் வெப்பமானிகள் மூன்றை வாங்கினேன். முதல் முனையைக் கெபினுக்குப் பின்னால் மேலெழும் காற்றுக்குழாயின் வாயிலும், இரண்டாவதை ஏர் கிளீனர் பெட்டிக்குள் ஃபில்டருக்கு முன்னும், மூன்றாவதை ஃபில்டருக்குப் பின்னால் எஞ்சினுக்குச் செல்லும் குழாயிலும் வைத்தேன். மூன்றாவது இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். ஃபில்டரைக் கடந்த பகுதியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் தூசி நேராக சிலிண்டருக்குப் போய் ரிங்கையும் லைனரையும் தேய்த்துவிடும். அதனால் புதிதாகத் துளை போடாமல், ஃபில்டர் அடைப்பைக் காட்டும் காட்டி பொருந்தும் துளையையே பயன்படுத்தி, றப்பர் அடைப்பானால் இறுக்கி, பயணம் முடிந்ததும் காட்டியைத் திரும்பப் பொருத்தினேன்.

துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. துருப்பிடித்த இரும்பிலும் கறுப்பு றப்பரிலும் அது ஓரளவு சரியாகக் காட்டும். பளபளப்பான அலுமினியத்தில் காட்டும் அளவை நம்பவே முடியாது. பளபளப்பான பரப்பு தன் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிராக வெளிவிடுவதால், கை சுடும் தகடும் குளிர்ந்திருப்பதாகக் காட்டப்படும். அத்தகைய இடத்தில் ஒரு சிறு வட்டம் கறுப்புப் பெயின்ட் பூசி, அது காய்ந்த பிறகு அந்த வட்டத்தைப் பார்த்தே அளக்க வேண்டும்.

முழுச் சுமையுடன் கித்துல்கலையில் களனி கங்கைக் கரையை விட்டு ஏறத் தொடங்கி, கினிகத்தேனை வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று அளவுகளையும் குறித்தேன். வெளிக்காற்று 27 பாகை. குழாயின் வாயில் 38. ஃபில்டருக்கு முன் 49. ஃபில்டருக்குப் பின் 56. வெளியே இருக்கும் காற்றைவிட 29 பாகை சூடான காற்றைத்தான் எஞ்சின் குடித்துக்கொண்டிருந்தது. கணக்கிட்டால், உயரத்தால் இழப்பதற்கு மேல் இன்னும் சுமார் 9 சதவீதக் காற்று இந்தச் சூட்டினால் மட்டுமே இழக்கப்படுகிறது. வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் அளவு மட்டுமே இதில் பயன்படும். வரிசையில் நின்று எஞ்சின் ஐட்லில் ஓடும்போது காற்று மெதுவாக நகர்வதால் எல்லா அளவுகளும் ஏறிவிடும். நகரத் தொடங்கியதும் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். நின்ற வண்டியில் அளந்துவிட்டு முடிவுக்கு வந்தால் தவறான இடத்தில்தான் கை வைப்போம்.

இந்த மூன்று எண்கள் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தன. குழாயின் சுவர் வழியாகத்தான் சூடு இறங்குகிறது என்று நம்பித்தான் நுரைத்தாளைச் சுற்றினேன். ஆனால் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் இந்த எஞ்சின் விநாடிக்கு சுமார் 60 லீற்றர் காற்றை உறிஞ்சுகிறது. 75 மில்லிமீற்றர் குழாயில் அந்தக் காற்று விநாடிக்கு 13 மீற்றருக்கு மேல் ஓடும். ஒரு மீற்றர் சொச்சம் நீளமுள்ள குழாயைக் கடக்க அதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. அவ்வளவு குறுகிய நேரத்தில் றப்பர்ச் சுவர் வழியாக ஏறக்கூடியது சில பாகைகளே. வாயிலிருந்த 38 ஃபில்டருக்கு முன் 49 ஆக, 11 பாகை ஏற இடமில்லை. அப்படியானால் நடுவழியில் சூடான காற்றே உள்ளே கலக்கிறது என்பதுதான் பொருள்.

கெபின் சாயும் லொறிகளில், கெபினின் பின்சுவரோடு இணைந்த காற்றுக்குழாய், சேசியிலுள்ள (வண்டியின் அடிச்சட்டத்திலுள்ள) ஏர் கிளீனர் குழாயோடு நிரந்தரமாகப் பூட்டப்படுவதில்லை. இரண்டுக்கும் இடையே மடிப்பு மடிப்பான ஒரு றப்பர் இருக்கும். கெபினைச் சாய்க்கும்போது பிரிந்து, இறக்கும்போது தானாக வந்து அமர்ந்து அழுந்தும். கெபினைச் சாய்த்தால் இணைப்பே பிரிந்துவிடுவதால், அது சரியாக அமர்கிறதா என்பதை அந்நிலையில் காண முடியாது. எனவே கெபினை இறக்கி வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஐட்லில் ஓடவிட்டு, பின்பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்து, பற்றவைத்த ஊதுபத்தி ஒன்றை அந்த றப்பரைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். மேற்பக்கத்தில் புகை சுருள் சுருளாக மேலே போனது. அடிப்பக்கத்துக்கு வந்ததும் அதே புகை நூலாக இழுபட்டு, வளைந்து, றப்பர் மடிப்புக்குள் மறைந்தது. விரலால் தடவிப் பார்த்தபோது மடிப்பின் பள்ளத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் விளிம்பெங்கும் எண்ணெய் கலந்த கரிப்பொடி. மேலிருந்து பார்த்தால் அந்த றப்பர் புதியதைப் போலவே தெரிந்திருந்தது. ரேடியேட்டரைக் கடந்து எஞ்சினைத் தடவி வரும் காற்று முழுவதும் வந்து தேங்கும் இடம் அதுதான். இந்தச் சோதனையைச் செய்பவர்கள் டீசல் கசிவு எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே ஊதுபத்தியை அருகில் கொண்டுபோக வேண்டும்.

புதிய றப்பரை, கொழும்பில் வண்டி உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினோம். பழைய வண்டியிலிருந்து கழற்றியது பாதி விலைக்குக் கிடைத்தது, வேண்டாம் என்றேன். கியர்பெட்டியையோ ஸ்டார்ட்டரையோ பழையதாக வாங்கலாம், றப்பரைப் பழையதாக வாங்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. மடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் மயிரிழை வெடிப்புகள் இருக்கும். புதியதைப் பொருத்திய பிறகு அதன் உதட்டில் மெல்லியதாகச் சாக்குக்கட்டித் தூளைத் தடவி, கெபினை ஒருமுறை இறக்கிச் சாய்த்துப் பார்த்தேன். கீழ்க்குழாயின் விளிம்பில் வெள்ளை வளையம் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். எங்களுடையதில் ஒரு கால்பங்கு பதியவில்லை. குழாயைத் தாங்கும் இரும்புப் பட்டை வளைந்திருந்தது காரணம். அதை நிமிர்த்திய பிறகே வளையம் நிறைவாக விழுந்தது. இந்த ஒரு வேலையால் நடுவழியில் ஏறிய 11 பாகை 2 பாகையாகக் குறைந்தது.

குழாயின் வாயிலேயே 38 பாகை காட்டியதற்குக் காரணம் வேறு. கெபினுக்கும் சாமான் பெட்டியின் முன்பலகைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் உண்டு. கீழிருந்து எழும் சூடு அந்த இடுக்கில் புகைபோக்கியைப் போல மேலேறும். வேகமாகப் போகும்போது பக்கக்காற்று அதை அடித்துச் சென்றுவிடும். மணிக்கு 15 கிலோமீற்றரில் ஊர்ந்து ஏறும்போது, அதிலும் பின்னாலிருந்து காற்று வீசினால், சூடு அங்கேயே நிற்கும். போதாததற்கு, மழைக்காகக் கட்டும் படங்கின் முன்மடிப்பு குழாயின் வாய்க்கு மேலே கூடாரமாகக் கவிந்திருந்தது. படங்கின் முன்விளிம்பைப் பலகைக்கு உட்பக்கமாகக் கட்டும்படி மாற்றினோம். குழாயின் வாயைப் பக்கவாட்டில் வெளிப்புறம் நோக்கித் திருப்பி, அதன் அடியில் இடுக்கை மறைக்கும் ஒரு சிறிய தகட்டை வைத்தேன். வாயை முன்னோக்கித் திருப்பினால் இன்னும் குளிர்ந்த காற்று வரும் என்று சிலர் சொன்னார்கள். வட்டவளையின் மழையை அறிந்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். அடைமழையில் தண்ணீர் நேராக ஃபில்டருக்குள் போய்விடும். ஏர் கிளீனரின் அடியிலுள்ள, தண்ணீரும் தூசியும் வெளியேறும் றப்பர் வாயையும் இந்த வேளையில் சுத்தம் செய்தேன்.

மீதமிருந்தது ஏர் கிளீனர் பெட்டி. இரும்பாலான அந்தப் பெட்டிக்கு எதிரே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் புகைக்குழாய் செல்கிறது. இங்கே சூடு வருவது பெரும்பாலும் கதிர்வீச்சாக. கரண்டி அடுப்பைத் தொடாமலேயே சூடாவதைப் போல. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்பு தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிக்கொள்ளும். பளபளப்பான அலுமினியம் அதற்கு நேர்மாறாகப் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே இரண்டுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகட்டை நிறுத்தினால் போதும். தடிமனான எதையும் சுற்ற வேண்டியதில்லை.

அச்சகத்தில் கழித்துப்போடும் அலுமினியத் தகடு மலிவாகக் கிடைத்ததால் முதலில் அதை வைத்துப் பார்த்தேன். அது மிக மெல்லியது. எஞ்சின் அதிர்வில் தகரப்பறையாக அதிர்ந்தது. பிறகு 1 மில்லிமீற்றர் தகடு வாங்கி, பிஸ்கட் பெட்டி அட்டையில் முதலில் மாதிரி வெட்டிப் பொருத்திப் பார்த்து, 45 சென்ரிமீற்றருக்கு 35 சென்ரிமீற்றர் அளவில் வெட்டினேன். நான்கு விளிம்பையும் ஒரு விரற்கடை மடித்து அடித்தேன். அதனால் கை வெட்டாது, தகடும் விறைப்பாக நிற்கும். பெட்டிக்கும் தகட்டுக்கும் இடையே 20 மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன். இந்த இடைவெளிதான் வேலையின் உயிர். தகடு பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதன் சூடு கடத்தலால் பெட்டிக்குப் போய்விடும். இடைவெளி இருந்து, மேலும் கீழும் திறந்திருந்தால், நடுவே காற்று ஓடித் தகட்டின் சூட்டை எடுத்துச் செல்லும். இரும்புக் குழாயை 20 மில்லிமீற்றர் துண்டுகளாக அறுத்து இடைத்தாங்கிகளாக வைத்தேன். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும் என்பதால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் றப்பர் வாஷர் கொடுத்தேன். தாங்கும் பட்டைகளுக்குச் சேசியில் ஏற்கெனவே இருந்த துளைகளையே பயன்படுத்தினேன். சுமை தாங்கும் சேசிச் சட்டத்தில் புதிதாகத் துளைபோடுவது எக்காரணத்தைக் கொண்டும் செய்யத் தகாத வேலை.

புகைக்குழாயையே கண்ணாடியிழை நாடாவால் சுற்றிவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. வறண்ட ஊரில் அது நல்ல வழியாக இருக்கலாம். நாள் முழுவதும் சாரலில் நனையும் எங்கள் பாதையில் அந்த நாடா ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை உள்ளுக்குள்ளேயே துருவாக்கிவிடும். எண்ணெயோ டீசலோ அதில் ஊறினால் தீக்கும் வழியாகும். வீட்டில் கிடந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டை வெட்டி மறைப்பாக வைக்கலாம் என்று ஒரு பாஸ் அண்ணன் அன்போடு சொன்னார். அதை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்று விளக்கிச் சொல்லி, அவரும் இனி அதை அறுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு அதே ஏற்றத்தில், அதே 27 பாகை வெளிக்காற்றில், ஏறக்குறைய அதே சுமையோடு அளந்தோம். குழாயின் வாயில் 30, ஃபில்டருக்கு முன் 32, பின் 34. முன்பு 29 பாகை மிகையாக இருந்தது இப்போது 7 ஆகியிருந்தது. எஞ்சினுக்குப் போகும் காற்றின் நிறை சுமார் 7 சதவீதம் கூடியிருக்கிறது. சித்தப்பா இரண்டாவது கியருக்கு இறக்கிய இரண்டு வளைவுகளில் வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறியது. கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி, “பஸ்காரன் இன்னைக்கு ஹோர்ன் அடிக்கல்ல” என்று மட்டும் சொன்னார். டீசல் செலவைக் கொண்டு நான் எதையும் நிறுவ முயலவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் சுமை மாறுவதால் அந்தக் கணக்கு நேர்மையாக இராது. டர்போவும் இன்டர்கூலரும் உள்ள வண்டியில் காற்றை இன்டர்கூலர் மறுபடியும் குளிர்விப்பதால் இந்த வேலையின் பலன் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நுவரெலியாவில் ஜனவரி மாத விடியலில், புல்லில் உறைபனி படியும் நாட்களில், குளிர்ந்த காற்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் போகுமோ என்று சித்தப்பாவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. விடியற்காலையில் புகைக்குழாயும் குளிர்ந்தே கிடக்கும்; தகடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்நேரம் உள்ளே போவது ஒரே காற்றுத்தான். அந்தக் குளிர்காலமும் கடந்தது, ஸ்டார்ட் ஆவதில் எந்த மாற்றமும் இல்லை.

தென்மேற்குப் பருவமழை முடிந்து ஒக்டோபரில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். ஃபில்டர் உலர்ந்திருந்தது, முன்பு அதன் ஒரு பக்கத்தில் படியும் எண்ணெய்க்கரி இப்போது இல்லை. அலுமினியத் தகட்டில் சேறு அப்பிப் பளபளப்பு மங்கியிருந்தது. மங்கிய தகடு சூட்டை விழுங்கத் தொடங்கும் என்பதால், மாதம் ஒருமுறை வண்டி கழுவும்போது அதையும் துடைக்கும்படி சொல்லியிருக்கிறேன். கீழ் வலது மூலையில் போல்ட் துளையிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அந்த மூலையின் றப்பர் வாஷர் தேய்ந்து, தகடு இரும்போடு உரசியிருக்கிறது. வெடிப்பின் முனையில் 3 மில்லிமீற்றர் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, நான்கு மூலைக்கும் தடித்த றப்பர் வாஷர் போட்டு மறுபடி பூட்டினேன். அடுத்த பயணத்தில் கினிகத்தேனை உச்சியில் ஃபில்டருக்குப் பின் வெப்பமானி காட்டியது 34 பாகை.